கரையோரம் பத்து நிமிடம் வேறு, கடலுக்குள் ஐந்து மைல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடற்கரைகளில், தண்ணீரில் பைக் போல உட்கார்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கி வண்டிகளின் சத்தம் கூடிவிடும். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்த வண்டிகளை ஓட்டுவது, கழற்றி மாட்டுவது, ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று இருக்கும் எங்களுக்கு வேகம் இரண்டாம்பட்சம்தான். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உதவியாளர் ஒருவர் கூட உட்கார்ந்திருக்க, பத்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்குவது ஒரு விஷயம். செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டியை வாங்கி, டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கி, டால்பின் பார்க்கலாம் என்று நாலைந்து கடல் மைல் உள்ளே போவது முற்றிலும் வேறு விஷயம். இரண்டாவதைச் செய்கிறவர்கள் முதலாவதில் கற்றதை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது.

ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. அடிப்பக்கக் கிராதி வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, இம்பெல்லர் என்கிற சுழலும் விசிறி அதைப் பின்பக்கக் குழாய் வழியே பீய்ச்சுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் அந்தக் குழாயின் வாய்தான் இடமும் வலமும் திரும்புகிறது. அதாவது பீய்ச்சல் இருந்தால்தான் திருப்பம். த்ராட்டில் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டால் பீய்ச்சல் அடங்கிவிடும். அதன் பிறகு கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி போன திசையிலேயே போகும். எதிரே படகு தெரிந்ததும் பைக் ஓட்டிப் பழகிய கை முதலில் செய்வது ஆக்சிலேட்டரை விடுவதுதான். நேராகப் போய் மோதுவது அதனால்தான். ஆளில்லாத தண்ணீரில் ஒரு மிதவையைப் போட்டு, அதை நோக்கி மிதமான வேகத்தில் வந்து, கைப்பிடியைத் திருப்பியபடியே த்ராட்டிலை அழுத்தி விலகிப் போகும் பயிற்சியை, விரல் யோசிக்காமல் செய்யும்வரை செய்துவிட்டுத்தான் கடலுக்குள் போக வேண்டும். சீ-டூ நிறுவனம் 2009 மாடலிலிருந்தும் யமஹா 2015 மாடலிலிருந்தும் பிரேக் வைத்த வண்டிகளைக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய வண்டிகளும், பிரேக் இல்லாத மலிவு மாடல்களும் நம் கடற்கரைகளில் இன்னும் ஓடுகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் அப்படிப்பட்ட வண்டி தானாக அடங்கி நிற்க 90 மீட்டர்கூட ஆகலாம். விற்கிறவர் ‘பிரேக் இருக்கு’ என்றால் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

லேன்யார்டு என்கிற சுருள் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முனை வண்டியின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுநரின் லைஃப் ஜாக்கெட் வளையத்திலோ மணிக்கட்டிலோ இருக்க வேண்டும். விழுந்தால் கயிறு உருவிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அதைக் கைப்பிடியில் சுற்றிவைத்துவிட்டு ஓட்டுகிறவர்களை எங்கும் பார்க்கலாம். கரையோரம் விழுந்தால் வண்டியை யாராவது பிடித்துக் கொடுப்பார்கள். உள்ளே விழுந்தால் ஐடிலில் ஓடும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நகரும், காற்றும் தள்ளும். லைஃப் ஜாக்கெட்டோடு நீந்தி அதைப் பிடிப்பது கடினம். கடலில் வண்டிதான் உங்கள் படகு, மிதவை, அடையாளம் எல்லாமே. எக்காரணம் கொண்டும் அதை விட்டு நீந்தாதீர்கள்.

அடுத்தது உடை. தமிழ்ப் பத்திரிகைகளில் இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள் போலும். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர், வண்டி திடீரென்று பாயும்போது பின்பக்கமாகச் சரிந்து விழுந்தால், பீய்ச்சும் நீர்த்தாரைக்கு நேராக விழுகிறார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஆசனவாய் வழியாகவோ பெண்ணுறுப்பு வழியாகவோ உள்ளே புகுந்து குடலையும் உள்ளுறுப்புகளையும் கிழிக்கக்கூடும். இது கற்பனைப் பயம் அல்ல. வண்டி தயாரிப்பவர்களே எச்சரிக்கை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டியிருக்கும் விஷயம். சாதாரண நீச்சலுடை, லெகிங்ஸ், பருத்தி ஷார்ட்ஸ் எதுவும் இதைத் தடுக்காது. நியோப்ரீன் துணியாலான வெட்சூட்டின் கீழ்ப்பகுதி, அல்லது அதே தடிமனுள்ள நியோப்ரீன் ஷார்ட்ஸ் வேண்டும். ஓட்டுநருக்கும் வேண்டும், பின்னால் இருப்பவருக்குக் கட்டாயம் வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால் நல்லது. துப்பட்டா, தொங்கும் நாடா, அவிழ்ந்த கூந்தல் எல்லாம் கரையிலேயே முடிந்துவிட வேண்டும். இன்ஜின் ஓடும்போது அடிக்கிராதிப் பக்கம் அவை போனால் உள்ளே இழுபடும்.

லைஃப் ஜாக்கெட்டில் எல்லோரும் ஏமாறுவது அளவில். போட்டு, பக்கிள்களை மாட்டி, கைகளை உயர்த்தச் சொல்லி, தோள்பட்டை வாரை இன்னொருவர் மேலே இழுக்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுக்கானது அல்ல. குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் வார் இருந்தே ஆக வேண்டும். கேஸ் சிலிண்டர் வைத்துத் தானாக ஊதிக்கொள்ளும் மெல்லிய ஜாக்கெட்டுகள் படகில் அழகாக இருக்கும், ஜெட் ஸ்கிக்கு ஆகாது. வேகத்தில் விழும்போது உடம்பில் ஏற்கெனவே மிதவை இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜெட் ஸ்கியில் ஊதும் வகை ஜாக்கெட் சட்டப்படியே செல்லாது. அதே ஃபுளோரிடாவில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஓட்டக் கூடாது, 18 நிரம்பாதவருக்கு வாடகைக்குத் தரக் கூடாது, சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு ஓட்டவே கூடாது. தயாரிப்பாளர்கள் ஓட்டுநருக்குப் பரிந்துரைப்பது குறைந்தது 16 வயது. இங்கே ஏழு வயதுப் பையனை முன்னால் உட்காரவைத்து அவன் கையில் த்ராட்டிலைக் கொடுத்து வீடியோ எடுக்கிறார்கள். அலையில் வண்டி மொத்தென்று இறங்கும்போது பையனின் நெஞ்சு கைப்பிடியில் மோதும். அப்பாவின் எடை பின்னாலிருந்து அழுத்தும். கால் இரண்டும் கால்தளத்தில் பதியாத குழந்தை பின்னாலும் உட்காரக் கூடாது.

இனி கிளம்பும் முன். வண்டியின் பின்பக்கம் கீழே, உள்ளே சேரும் தண்ணீரை வடியவிடும் இரண்டு டிரெயின் பிளக்குகள் (அடைப்பான்கள்) இருக்கும். கழுவும்போது கழற்றி, மாட்ட மறந்து, அப்படியே கடலில் இறக்குவது பழைய கதை. ஓடும்போது தெரியாது; நிறுத்தியதும் பின்பக்கம் தணியும், தண்ணீர் ஏறும். கையால் திருகிப் பார்த்தபின் இறக்குங்கள். பெட்ரோல் நிரப்பியதும் சீட்டைக் கழற்றி இன்ஜின் அறையைச் சில நிமிடம் காற்றாட விட்டு, மோந்து பார்த்து, வாடை இல்லையென்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய அறையில் தங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தால் அன்று போகாதீர்கள். கடலில் ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்று மட்டும் சொல்வதற்கு அதுதான் வழக்கமான காரணம். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் ஸ்டார்ட் செய்தால் மணலும் சிப்பியும் உள்ளே ஏறி இம்பெல்லர் விளிம்பையும் அதைச் சுற்றியுள்ள ‘வேர் ரிங்’ என்கிற தேய்மான வளையத்தையும் தின்றுவிடும். இடைவெளி கூடினால் இன்ஜின் கத்தும், வண்டி ஓடாது. முட்டுக்காடு முகத்துவாரத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடியது: மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். போதாததற்கு வற்றுநீர் வெளியே பாயும்போது கடலலையோடு மோதி முகத்துவாரத்தில் செங்குத்தாக எழும்பும்.

ஓட்டத் தொடங்கி அரை மணியில் ஒரு முறை நிறுத்தி, சீட்டைத் தூக்கி உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். சீ-டூ வண்டிகளில் இன்ஜினிலிருந்து வரும் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒரு கார்பன் வளையம் சீலாக இருக்கிறது. அது தேய்ந்தால் உள்ளே கசியும். டிரெய்லரில் வைத்துக்கொண்டு நீண்டநேரம் இன்ஜினை ஓட்டிக் காட்டுகிற விற்பனையாளர்கள் அந்த வளையத்தைத்தான் சூடேற்றிக் கெடுக்கிறார்கள்.

கடலைப் படிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கடிதத்தின் நடுப்பகுதி. சென்னைக் கடற்கரையில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இன்றைக்குக் கடல் சாது என்று தோன்றும். அந்தக் காற்றில் இன்ஜின் நின்றுபோன வண்டி கரையை விட்டு விலகித்தான் மிதக்கும். முற்பகல் முடியும் வேளையில் கடற்காற்று எழும்; மதியத்துக்குமேல் வலுக்கும். கோடையில் அது தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. எனவே விடிந்தபின் கிளம்பி பதினொரு மணிக்குள் கரையேறுவது ஒரு கணக்கு. முதலில் தெற்கே போய்விட்டுக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடக்கே திரும்புவது இன்னொரு கணக்கு. புதியவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். காற்றோடு சுகமாக வடக்கே போய், திரும்பும்போது எதிர்க்காற்றில் பெட்ரோலையும் மணிக்கட்டையும் சேர்த்து இழக்கிறார்கள். காற்றின் வேகம் மணிக்கு 12 கடல் மைலுக்கு (12 ‘நாட்’) மேல், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டருக்கு மேல் போனால், அங்கங்கே வெள்ளை நுரைத் தலைகள் தெரியும். உல்லாசமாக ஓட்டும் எல்லை அதோடு முடிந்தது.

அலை உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பாதித் தகவலில் முடிவெடுப்பது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பில் உயரத்தோடு அலைகளுக்கிடையிலான நேரத்தையும் தருகிறது. ஒரு மீட்டர் அலை ஐந்து வினாடிக்கு ஒன்று என்றால் அது குத்தும் கடல். முதுகெலும்பு எண்ணிக் கொடுக்கும். அதே ஒரு மீட்டர் பன்னிரண்டு வினாடிக்கு ஒன்று என்றால் உள்ளே மெத்தென்று ஏறி இறங்கலாம். பதினைந்து வினாடிக்கு மேல் போனால் கதை மாறுகிறது: உள்ளே ஒன்றுமே தெரியாது, கரையில்தான் அது எழும்பி உடையும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ கிளம்பி, இங்கே காற்றே இல்லாதபோது வந்து மோதும் அந்த அலையைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். காலையில் எளிதாக இறங்கிய அதே கரையில், மூன்று மணி நேரம் கழித்து ஏற முடியாமல் போகலாம். இன்னொன்று: முன்னறிவிப்பில் சொல்லப்படும் உயரம் பெரிய அலைகளின் சராசரி போன்ற ஒரு கணக்கு. அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்திலும் தனி அலை ஒன்று வரும்.

அலை உடையும் பகுதியைத் தாண்டும்போது அவசரம் ஆகாது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும். இரண்டு மூன்று கூட்டங்களை நின்று பார்த்து, ஓய்ந்த நேரத்தில் ஒரே மூச்சில் வெளியேற வேண்டும். உடைந்துவிட்ட நுரையை நேராகச் சந்திக்கலாம். உடையப்போகும் அலையின் உச்சியில் த்ராட்டிலை விடாவிட்டால் வண்டி வானத்தில் இருக்கும். வெளியே வந்தபின் எதிரலையை நேராகக் குத்தாமல் 30 முதல் 45 பாகை சாய்வாக ஏறி இறங்குங்கள். வண்டியின் மூக்கை ஏற்றி இறக்கும் டிரிம் வசதி இருந்தால் எதிரலையில் மூக்கைத் தாழ்த்தி, பின்னலையில் உயர்த்தி வையுங்கள். பின்னலைதான் ஏமாற்றும். அலையின் முதுகிலேயே அதன் வேகத்தில் போக வேண்டும். முந்தி இறங்கினால் மூக்கு முன்னலைக்குள் செருகிக்கொண்டு, ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலே பறப்பார்.

உட்கார்ந்தபடியே அலையை வாங்காதீர்கள். முழங்கால்களை மடக்கி, பிட்டத்தைச் சீட்டிலிருந்து நாலு விரல் தூக்கி, குதிரைச் சவாரிபோலக் காலால் அதிர்வை உண்ண வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரில் விழும்போது இடுப்பு முள்ளெலும்பு நசுங்குவது ஜெட் ஸ்கி காயங்களில் பேர்போன ஒன்று. முதுகுத்தண்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உள்ளே வரவே வேண்டாம். பின்னால் இருப்பவர் ஓட்டுநரின் ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொண்டு, அவர் சாய்கிற பக்கமே சாய வேண்டும். மூன்று சீட் வண்டி என்றால் மூன்று பேர் ஏறலாம் என்று அர்த்தமில்லை. 240 கிலோ, 270 கிலோ என்று வண்டிக்கு வண்டி ஓர் எல்லை எழுதியிருக்கும். அதில் பைகளும் நங்கூரமும் அடக்கம். திறந்த கடலுக்கு இரண்டு பேருக்கு மேல் நாங்கள் அனுப்புவதில்லை. மூன்றாமவர் விழுந்தால் அலையில் மீண்டும் ஏற்றுவது பெரும்பாடு.

உடம்பு நோகாமல் திரும்புவதும் பாதுகாப்பில் பாதி. களைத்த கைதான் தவறான நேரத்தில் விசையை விடுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதால்தான் விரல் மரத்துப்போகிறது. முழங்காலால் சீட்டை அணைத்தால் கை தளரும். கையுறை, பின்னால் வார் வைத்த கண்ணாடி, நனைந்தாலும் கழலாத ரப்பர் செருப்பு வேண்டும். உப்புநீரில் ஊறிய துணி உராய்ந்து தொடையிலும் அக்குளிலும் தோல் உரியும். கிளம்பும் முன் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், கழுத்துவரை மூடும், உடம்போடு ஒட்டிய சட்டை போடுங்கள். ஈரமும் காற்றும் இருப்பதால் வெயில் தெரியாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட். வாந்தி வருகிறவர்கள் அவோமின் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். அது தூக்கத்தைத் தரும் மருந்து. பின்னால் உட்காருகிறவரே கவனமாக இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் போடவே கூடாது. நின்ற வண்டியில்தான் தலைசுற்றல் அதிகம் என்பதால், இளைப்பாற நிறுத்தினாலும் வண்டியின் மூக்கை அலைக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

வலைகள். ஃபைபர் படகுக்காரர்கள் விடியுமுன் விட்ட செவுள் வலையின் இரு முனைகளில் கறுப்புக் கொடியோ தெர்மோகோல் மிதவையோ இருக்கும். இரண்டு கொடிக்கும் இடையே ஒன்றுமில்லை போலத் தெரியும் தண்ணீரில்தான் முழு வலையும் கிடக்கிறது. ஒரு கொடியைக் கண்டால் மறு கொடியைத் தேடுங்கள். நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். நைலான் இழை தண்டில் சுற்றிக்கொண்டால் இன்ஜின் சுழலும், வேகம் வராது, வண்டி நடுங்கும். உடனே நிறுத்தி லேன்யார்டைக் கழற்றுங்கள். தொடர்ந்து த்ராட்டில் கொடுத்தால் இழை சூட்டில் உருகி ஒட்டிவிடும். அப்புறம் பட்டறையில்தான் பிரியும். பாசியோ பிளாஸ்டிக் பையோ என்றால், இறங்கி வண்டியை இடமும் வலமும் ஆட்டினாலே பலசமயம் விழுந்துவிடும். கிராதிக்குள் விரலை விடும் முன் லேன்யார்டு உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய, பல் வைத்த கத்தி ஒன்று ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். வலை அறுந்தால் படகுக்காரரைத் தேடிப்போய்ப் பணம் கொடுங்கள். அது அவருடைய முதல். நாளைக்கு உங்களை இழுத்துவரப் போகிறவரும் அவர்தான்.

வண்டி கவிழ்ந்தால் எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று பின்புறத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். மாற்றிப் புரட்டினால் எக்ஸாஸ்டில் இருக்கும் நீர் இன்ஜினுக்குள் வடியும். செகண்ட் ஹேண்ட் வண்டியில் அந்த ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் மார்க்கர் பேனாவாலாவது வரைந்துவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் கவிழ்ந்தே கிடந்தால் ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். எப்போதும் பின்பக்கத்திலிருந்து, இன்ஜின் நின்ற நிலையில்தான் ஏற வேண்டும்.

இழுத்து வருவதில்தான் நல்ல இன்ஜின்கள் சாகின்றன. படகுக்காரர் உதவிக்கு வந்து, கயிறு கட்டி, தன் வழக்கமான வேகத்தில் இழுப்பார். நின்றுபோன வண்டியின் பம்புக்குள் புகும் நீர் குளிர்விப்புக் குழாய் வழியே எக்ஸாஸ்டுக்கு ஏறி இன்ஜினை நிரப்பிவிடும். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. ‘அண்ணே, நடந்து போற வேகத்துல இழுங்க’ என்று சொல்லிவிடுங்கள்; முடிந்தால் அந்தக் குழாயை ஒரு கிளாம்ப் போட்டு நெரித்துவிடுங்கள். கையேட்டில் அது எங்கே இருக்கிறது என்று கரையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். பத்து மீட்டர் கயிறு, மூக்கு வளையத்தில் கட்டு.

பெட்ரோலுக்கு மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பதற்கு மாற்றுக் கணக்கு இல்லை. பெரிய வண்டிகளில் 70 லிட்டர் டேங்க் இருக்கிறது. ஆனால் முழு த்ராட்டிலில் அது கரையும் வேகம் கார் ஓட்டிப் பழகியவர்களுக்குப் புரியாது. மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டரில் போனால் தூரமும் கூடும், அலையையும் பார்த்து ஓட்டலாம்.

தனியாகப் போகாதீர்கள், இரண்டு வண்டிகளாவது சேர்ந்து போக வேண்டும். சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானமே மூன்றரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். உங்களுக்கு எதிர்ப்படகு தெரியாதது போலவே, அலைக்குழியில் இருக்கும் உங்களையும் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு மீட்டர் கம்பில் ஆரஞ்சுக் கொடி, பளிச்சென்ற ஜாக்கெட், விசில், கண்ணாடித் துண்டு, ஆரஞ்சுப் புகைக்குப்பி இரண்டு ஆகியவற்றின் செலவு வண்டியின் ஒரு சர்வீஸ் செலவை எட்டாது. செல்போனை மிதக்கும் உறையில் போட்டு உடம்பில் கட்டுங்கள். வண்டிப் பெட்டியில் வைத்த போன் வண்டியோடு போய்விடும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. உள்ளே போகப் போக செல்போன் சிக்னல் குறையும். முறையான அனுமதியோடு கையடக்க விஎச்எஃப் ரேடியோ வைத்திருப்பவர்கள் 16-ஆம் சானலில் கூப்பிடலாம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து சாட்டிலைட் போனையோ சாட்டிலைட் மெசேஞ்சரையோ வாங்கிவராதீர்கள். இங்கே அனுமதியில்லாமல் அவற்றை வைத்திருப்பதே வழக்கு. கிளம்பும் நேரம், போகும் திசை, திரும்பும் நேரம் மூன்றையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் தாண்டி அரை மணியில் அவர் போன் செய்ய வேண்டும்.

இந்த ஊருக்கென்று இருக்கும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது. கோடை விடுமுறைக் கூட்டம் வருவதும், கள்ளக்கடல் எச்சரிக்கைகள் அதிகம் வருவதும் அதே மாதங்களில். மற்ற மாதங்களில் ஐந்து மைலுக்கு அப்பால் பழுதாகி நின்றால் ஏதாவது ஒரு விசைப்படகு கண்ணில் படும். தடைக்காலத்தில் கரையோர ஃபைபர் படகுகளைத் தாண்டிவிட்டால் பார்க்க ஆளில்லை. அந்த இரண்டு மாதமும் இரண்டு மைலோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் பாதுகாப்புப் பகுதி. மாமல்லபுரத்திலேயே கடற்கரைக் கோயிலுக்கு எதிரே நீருக்கடியில் பாறைகள் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் 2022-ல் அறிவிக்கப்பட்ட கடற்பசுக் காப்பகம் கடற்புல் நிறைந்தது. அங்கே வண்டியும் அடைத்துக்கொள்ளும், புல்லும் நாசமாகும். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடலோரம் பங்குனி ஆமைகள் மூச்செடுக்க மேலே வரும். அந்த மாதங்களில் கரையை ஒட்டி மெதுவாகவே போக வேண்டும்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசுவதில் வரிசை முக்கியம். முதலில் இன்ஜின், அப்புறம் குழாய். முடிக்கும்போது முதலில் குழாய், அப்புறம் இன்ஜின். இன்ஜின் ஓடாதபோது குழாய் திறந்திருந்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக இன்ஜினுக்குள் போய்விடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். முன்பு சொன்ன கார்பன் வளையத்துக்குக் கரையில் குளிர்ச்சி கிடையாது.

தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. அன்றாடம் வெப்பநிலையையும் மழையையும் அச்சிடுகிறீர்கள். அதே கட்டத்தில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய ஆறு இடங்களுக்கு மூன்று எண்களைச் சேர்க்க முடியுமா? அலை உயரம், அலைகளுக்கிடையே எத்தனை வினாடி, காற்றின் வேகமும் திசையும். இன்காய்ஸ் இவற்றை நாள்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. வெள்ளிக்கிழமைப் பதிப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டால் ஜெட் ஸ்கிக்காரர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளோடு கடற்கரைக்கு வருகிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் உதவும். ஆறு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஜெட் ஸ்கி ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், பயிற்றுநர்கள் சிலர்,
கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்.